மாதக் காசு இல்லாம டி.வி.! சத்தியில் 'டிஜிட்டல் ஆன்டெனா' வாங்கினால் படம் வருமா, வராதா?

சத்தியமங்கலம்:

"கேபிள் வேண்டாம். மாதச் சந்தா வேண்டாம். சுவரில் ஒட்டினால் போதும். நூற்றுக்கணக்கான சேனல் எச்.டி.யில் இலவசம்!"

செல்போனைத் திறந்தாலே இந்த மாதிரி விளம்பரம்தான் வந்து நிற்கிறது. பேப்பர் மாதிரி மெல்லிசா ஒரு அட்டை, அதில் ஒரு வயர். டி.வி. பின்னால் செருகினால் படம் கண்ணாடி மாதிரி வருவதாக வீடியோவும் போட்டுக் காட்டுகிறார்கள். விலை ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்று இருக்கிறது.

மில்லுக்குப் போகிறவர், விடியக் காலையில் மல்லிகைப் பூ பறிக்கப் போகிறவர், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர் என்று தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் என்பது சின்னக் காசு இல்லை. அதைக் கொடுத்து இந்த ஆன்டெனாவை வாங்கினால் சத்தியிலோ, புளியம்பட்டியிலோ, பவானிசாகரிலோ படம் வருமா?

நேராகச் சொல்லி விடுவோம். வராது. வாங்காதீங்க.

ஆன்டெனா போலி என்பதால் இல்லை. ஆன்டெனா நல்லதாகவே இருக்கலாம். அது பிடிக்க வேண்டிய அலை நம்ம ஊர் வானத்தில் இல்லை. கிணற்றில் தண்ணி இல்லாதப்ப மோட்டார் நல்ல மோட்டாராக இருந்து என்ன செய்ய?

அலை ஏன் இல்லை? இருந்த கோபுரங்கள் என்ன ஆயின? காசு கட்டாமல் டி.வி. பார்க்க வேறு வழி இருக்கா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மீன் முள் ஆன்டெனா காலம்

ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் ஒரு காலத்தில் கூரை மேல் அலுமினிய ஆன்டெனா நின்றது. மீன் முள் மாதிரி குறுக்குக் குறுக்காகக் குழாய் இருக்கும். காக்கா உட்கார்ந்தால் படம் ஆடும். காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். ஒருத்தர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருத்தர் வாசலில் நின்று "வந்திருச்சு... போச்சு... இன்னுங்கொஞ்சம் திருப்பு" என்று கத்துவார்.

அந்த ஆன்டெனாவுக்கு யாகி-உடா என்று பெயர். ஜப்பானைச் சேர்ந்த யாகி, உடா என்ற இருவர் 1926-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. குறுக்குக் குழாய்கள் கூடக் கூட ஒரே திசையில் தூரத்து அலையைப் பிடிக்கும் சக்தியும் கூடும்.

இந்தியாவில் டி.வி. ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15-ந்தேதி டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975-ல்தான் வந்தது. 1980-களில் நாடு முழுவதும் சிறிய ரிலே கோபுரங்கள் மளமளவென்று நிறுவப்பட்டன. கொடைக்கானல் மலை உச்சியில் வைத்த உயர்சக்தி கோபுரம் தென்மாவட்டங்களோடு கொங்குச் சமவெளியின் பல பகுதிகளுக்கும் படத்தைக் கொண்டு வந்தது.

சத்திக்கும் கொடைக்கானலுக்கும் பறவை பறக்கும் தூரம் சுமார் 140 கி.மீ. அவ்வளவு தூரம் எப்படி வந்தது? மலைதான் காரணம்.

டி.வி. அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை. அதனால் ஒரு தூரத்துக்கு மேல் அலை நம் தலைக்கு மேலே போய்விடும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரம் இருந்து, வீட்டில் 9 மீட்டர் உயரக் கம்பத்தில் ஆன்டெனா வைத்தால் 50 கி.மீ. சொச்சம் எட்டும். அதே கோபுரம் சமவெளியை விட 1,800 மீட்டர் உயரமான மலை மேல் நின்றால் 180 கி.மீ. வரைக்கும் எட்டும்.

இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கோபுரங்களுக்கு மூடுவிழா

கேபிள் வந்தது. கூரை மேல் இருந்த மீன் முள்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அதற்கப்புறம் டி.டி.எச். குடை வந்தது. தூர்தர்ஷன் கோபுரங்கள் மட்டும் யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருந்தன.

பழைய அனலாக் கோபுரங்களை முழுவதுமாக ஒதுக்கி விடுவதாக பிரசார் பாரதி 2021 அக்டோபரில் அறிவித்தது. முக்கால்வாசி அப்போதே மூடப்பட்டிருந்தன. பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தேவைப்படும் சுமார் 50 இடங்களைத் தவிர மற்றவை எல்லாம் 2022 மார்ச் 31-க்குள் மூடப்படும் என்றார்கள். மின்சாரச் செலவு மிச்சம், காலியாகும் அலைவரிசை 5ஜி போன்ற புதிய தொழில்நுட்பங்களுக்குப் பயன்படும் என்று காரணம் சொல்லப்பட்டது.

காரணம் தப்பில்லை. ஆனால் பழசை மூடினால் புதுசு வரவேண்டும் இல்லையா? அங்கேதான் நம்ம பக்கத்துக்கு ஓட்டை விழுந்தது.

டிஜிட்டல் கோபுரம் எங்கே வந்தது?

2016 பிப்ரவரி 25-ந்தேதி தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, அகமதாபாத் என்று பட்டியல் போகும். பின்னர் அது 19 நகரங்கள் ஆனது. 'டிவிபி-டி2' என்பது அந்தத் தொழில்நுட்பத்தின் பெயர்.

தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் சென்னை. கோவை இல்லை. ஈரோடு இல்லை. சேலமும் இல்லை.

சத்தியிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 370 கி.மீ. பெங்களூரு சுமார் 165 கி.மீ. பெங்களூரு கிட்டத்தானே என்று நினைக்கலாம். நடுவே திம்பம் மலை மதில் சுவர் மாதிரி நிற்கிறது. முதலில் சொன்ன 50 கி.மீ. கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்த ஆன்டெனாவாலும், எந்த பூஸ்டராலும் ஆகாத காரியம்.

அதிலும் பழைய அனலாக் மாதிரி டிஜிட்டலில் 'கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரட்டும், பரவாயில்லை' என்ற பேச்சே கிடையாது. அலை போதுமான அளவு இருந்தால் படம் பளிச்சென்று வரும். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும். இன்னும் குறைந்தால் ஒன்றுமே வராது.

சரி, கோபுரம் உள்ள நகரத்திலாவது நூற்றுக்கணக்கான சேனல் வருமா? அதுவும் கிடையாது. இந்தியாவில் தரைவழி டி.வி. ஒளிபரப்பு தூர்தர்ஷன் கையில் மட்டும்தான். தனியார் சேனலுக்கு அனுமதி இல்லை. அதனால் 2016-ல் தொடங்கியபோது அதில் வந்தவை டி.டி. நேஷனல், டி.டி. நியூஸ், டி.டி. ஸ்போர்ட்ஸ் என்று தூர்தர்ஷனின் சில சேனல்கள்தான்.

தனியாருக்கும் இதில் இடம் கொடுக்கலாம், 2023 டிசம்பருக்குள் நாடு முழுவதும் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்புக்கு மாறிவிடலாம் என்று டிராய் அமைப்பு 2017 ஜனவரியில் பரிந்துரை செய்தது. அந்தத் தேதி வந்தது, போனது. கொங்கு மண்டலத்துக்கு டிஜிட்டல் கோபுரம் வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அப்ப அந்த வீடியோ பொய்யா?

பல வீடியோக்கள் பொய் இல்லை. ஆனால் அவை நம்ம ஊர் வீடியோ இல்லை.

அமெரிக்காவில் பெரிய பெரிய தனியார் சேனல்களே கோபுரம் வைத்து இலவசமாக ஒளிபரப்புகின்றன. அங்கே 2009 ஜூன் 12-ந்தேதியே முழுச்சக்தி அனலாக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டு எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது. அங்கே அந்த அட்டை ஆன்டெனாவை ஜன்னலில் ஒட்டினால் டஜன் கணக்கில் சேனல் வரும். இங்கிலாந்திலும் அப்படித்தான். லண்டனில் இருக்கும் நம்ம ஆட்கள் வீட்டுக் கூரையில் இன்றைக்கும் மீன் முள் ஆன்டெனா நிற்பதைப் பார்க்கலாம்.

அந்த ஊருக்குச் செய்த பொருளையும் விளம்பரத்தையும் அப்படியே தமிழ் எழுத்து போட்டு இங்கே விற்றால்? பொருள் வீட்டுக்கு வரும், படம் வராது.

டீக்கடையில் வழக்கமாக நடக்கிற பேச்சு இதுதான்:

"ஏனுங்ணா, இந்த ஆன்டெனா வாங்குனா சீரியல் எல்லாம் வருமுங்களா?"

"எங்கீங்க வரும்? டவரே இல்லாத ஊர்ல ஆன்டெனா எதுக்குங்க தம்பி?"

"அப்ப எச்.டி.னு போட்டிருக்கானே?"

"டப்பா மேல என்ன வேணா போடலாமுங்க. வானத்துல இருக்கோணுமில்ல!"

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சுலபமான ஒரு சோதனை

இன்னும் சந்தேகம் தீராதவர்கள் காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம்.

உங்கள் டி.வி. புதுசாக இருந்தால் செட்டிங்கில் சேனல் தேடும் பகுதிக்குப் போங்கள். அதில் 'ஆன்டெனா' என்றும் 'டிவிபி-டி' அல்லது 'டிவிபி-டி2' என்றும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆன்டெனா துவாரத்தில் ஒரு சாதாரண வயரைச் செருகி மாடிக்கோ ஜன்னலுக்கோ கொண்டுபோய் விட்டுத் தேட விடுங்கள். கோபுரத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்தால் இந்த வயருக்கே ஒன்றிரண்டு சேனல் சிக்க வாய்ப்பு உண்டு. சத்தியில் பூஜ்யம்தான் வரும்.

சென்னையிலோ பெங்களூரிலோ குடியிருக்கும் மகன், மகள், தம்பி இருந்தால் அவர்களும் இதே சோதனையை முதலில் செய்யட்டும். சேனல் சிக்கினால் மட்டும் ஆன்டெனா வாங்கலாம். அங்கேயும் வீட்டுக்குள் ஒட்டும் அட்டையை விட மொட்டை மாடியில் கோபுரத்தைப் பார்த்து வைக்கும் யுஎச்எஃப் யாகி ஆன்டெனாதான் நல்லது. கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் அலையைத் தின்றுவிடும்.

"300 கி.மீ. எட்டும்", "500 கி.மீ. எட்டும்" என்று டப்பாவில் போட்டிருந்தால் அந்தக் கடை பக்கமே போகாதீர்கள். பூமி உருண்டை என்பதை எந்த பூஸ்டராலும் மாற்ற முடியாது.

சத்திக்குப் பொருந்துற ஆன்டெனா எது?

இலவச டி.வி.க்கு நம்ம பக்கம் ஒரே ஒரு ஆன்டெனாதான் சரிப்படும். அது குடை. 'டி.டி. ஃப்ரீ டிஷ்'.

2004 டிசம்பர் 16-ந்தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கி வைத்த சேவை இது. பெயர் பின்னால் மாறியது. மாதக் கட்டணம் கிடையாது. ரீசார்ஜ் கிடையாது. குடை, பாக்ஸ், வயர், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவை சுமார் ரூ.2 ஆயிரம் செலவு. அதோடு சரி. நாடு முழுவதும் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது இருப்பதாகத் தொழில் துறை மதிப்பிடுகிறது.

இப்போது படம் வருவது ஜிசாட்-15 என்ற இஸ்ரோ செயற்கைக்கோளில் இருந்து. 2015 நவம்பரில் விண்ணில் செலுத்தப்பட்ட இது, கிழக்கு 93.5 டிகிரியில் பூமத்திய ரேகைக்கு மேலே 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் நிற்கிறது.

கோபுரத்துக்கு மலை தடை. செயற்கைக்கோளுக்கு மலை தடை இல்லை. நம்ம ஊரின் வடக்கேயும் மேற்கேயும்தான் மலை. செயற்கைக்கோள் இருப்பது தென்கிழக்கில், அதுவும் தலைக்கு மேலே நல்ல உயரத்தில். அதனால் சத்தியில் வருகிற அதே படம் திம்பம் தாண்டி ஆசனூரிலும், தாளவாடியிலும், கடம்பூர் மலையிலும் வரும். கேபிள் வயர் ஏறாத மலைக் கிராமத்துக்கு இதுதான் வழி.

குடை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

திசை: திசைகாட்டியில் சுமார் 124 டிகிரி. கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 34 டிகிரி தள்ளி. சத்தி டவுனில் இருப்பவர்களுக்குச் சுலபமாகச் சொன்னால் பெருந்துறை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். செல்போனில் உள்ள திசைகாட்டியே போதும்.

உயரக் கோணம்: சுமார் 67 டிகிரி. அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேல். இதனால் ஒரு லாபம் உண்டு. தென்னை மரம் மறைக்கும் என்ற பயம் அதிகம் வேண்டாம். குடையை விட 30 அடி உயரமான மரமாக இருந்தாலும் 13 அடிக்கு மேல் தள்ளி இருந்தால் மறைக்காது. குடைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மட்டையும் சன்ஷேடும்தான் வில்லன்.

அளவு: 60 செ.மீ. குடை நம்ம பக்கம் போதும். அடை மழையில் படம் உடைவது பொறுக்கவில்லை என்றால் 75 அல்லது 90 செ.மீ. வாங்கலாம். பெரிய குடை என்றால் காற்றும் அதிகமாகப் பிடிக்கும். ஆடிக் காற்றில் திரும்பாத அளவுக்குச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

எல்.என்.பி.: குடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மண்டை. 'யுனிவர்சல் கேயு பேண்ட்' என்று கேட்டு வாங்குங்கள். அதன் மேல் 9750, 10600 என்ற எண்கள் இருக்கும்.

வயர்: விலை மலிவு என்று மெல்லிய வயர் வாங்காதீர்கள். ஆர்.ஜி.6 வயர் நல்லது. மூடி இல்லாத இணைப்பில் மழைத் தண்ணி இறங்கினால் ஆறு மாதத்தில் படம் போகும். இணைப்புக்கு டேப் சுற்றி, வயரை ஒரு வளைவு தொங்கவிட்டு வீட்டுக்குள் எடுங்கள்.

பாக்ஸ்: எம்பெக்-2, எம்பெக்-4 இரண்டும் எடுக்கும் பாக்ஸாக வாங்குங்கள். எம்பெக்-2 மட்டும் எடுக்கும் பழைய பாக்ஸில் எல்லா சேனலும் வராது.

வீட்டில் பழைய குடை சும்மா கிடக்கிறதா? வேறு டி.டி.எச். கம்பெனியின் குடை துருப்பிடிக்காமல், நசுங்காமல் இருந்தால் அதையே ஜிசாட்-15 பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பாக்ஸ் செலவு மட்டும்தான் ஆகும்.

கலைஞர் டி.வி. பெட்டிக்கும் வேலை உண்டு

2006-ல் அப்போதைய முதல்வர் கருணாநிதி ஆட்சியில் தொடங்கிய இலவச கலர் டி.வி. திட்டத்தில் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள் கொடுக்கப்பட்டன. அந்த 14 இஞ்ச் பெட்டி இன்னும் பல வீட்டில் மூலையில் கிடக்கிறது.

அதை எடைக்குப் போட வேண்டாம். ஃப்ரீ டிஷ் பாக்ஸில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று துவாரம் உள்ள பாக்ஸாகப் பார்த்து வாங்கினால் அந்தப் பெட்டியிலும் படம் ஓடும்.

புதிதாக டி.வி. வாங்குகிறவர்கள் பெட்டிக்குள்ளேயே சாட்டிலைட் ட்யூனர், அதாவது 'டிவிபி-எஸ்2', உள்ளதா என்று கேட்டு வாங்கலாம். இருந்தால் குடை வயரை நேராக டி.வி.யிலேயே செருகலாம். தனி பாக்ஸ், தனி ரிமோட் தேவையில்லை. இப்படிப்பட்ட டி.வி.க்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-லேயே தனித் தரக்குறியீடு வெளியிட்டுவிட்டது.

காசுக் கணக்கு

அரசு கேபிள் 2011 செப்டம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் மாதம் ரூ.70-க்குத் தொடங்கப்பட்டது. செட் டாப் பாக்ஸ் வந்தபிறகு கட்டணம் ஏறியது, இறங்கியது. 2019 ஆகஸ்டில் ரூ.130 என்று குறைக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் ரூ.153.40.

அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு ரூ.1,840. ஐந்து வருடத்துக்கு ரூ.9,200. ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஐந்து வருடத்துக்கும் சேர்த்து அதே ரூ.2 ஆயிரம்தான். மிச்சம் ரூ.7 ஆயிரத்துக்கு மேல். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பை, செருப்பு, நோட்டுச் செலவு அதில் அடங்கிவிடும்.

அப்புறம் ஏன் எல்லோரும் குடை மாட்டவில்லை? காரணம் இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது சரியில்லை.

தமிழ் எங்கே?

ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு இடம் ஏலத்தில் விடப்படுகிறது. ஏலத்தில் கோடிக்கணக்கில் கேட்டு இடம் பிடிப்பவை பெரும்பாலும் இந்தி சேனல்கள். வட மாநிலத்தில் அது கொண்டாட்டம். சினிமா, சீரியல், செய்தி எல்லாம் அவர்கள் மொழியில் இலவசம்.

நமக்கு? 'டி.டி. தமிழ்' வரும். பொதிகை என்று நாம் பார்த்த அதே சேனல்தான் 2024 ஜனவரி 19-ந்தேதி டி.டி. தமிழ் என்று பெயர் மாறியது. கல்விச் சேனல்கள் வரும். மற்ற மாநில தூர்தர்ஷன் சேனல்களும் வரும். தாளவாடி பக்கம் கன்னடம் பேசும் குடும்பங்களுக்கு கன்னட தூர்தர்ஷனும் கிடைக்கும். ஆனால் ராத்திரி 8 மணி சீரியல் பார்க்கும் அம்மாவும், காமெடி சேனல் பார்க்கும் பிள்ளைகளும் கேட்கிற சேனல்கள் பெரும்பாலும் கட்டணச் சேனல்கள். அவை ஃப்ரீ டிஷ்ஷில் வரும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

ஆக, மாதம் ரூ.150 கொடுத்துக் கேபிள் வைத்திருக்கும் குடும்பத்தை ஏமாளி என்று சொல்ல முடியாது. அவர்கள் தமிழுக்குத்தான் அந்தக் காசைக் கட்டுகிறார்கள். வடக்கே இலவசமாகக் கிடைப்பதை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதுதான் இதில் உள்ள வேதனை.

கிரிக்கெட் ரசிகர்கள் கவனிக்க!

ஒரு விஷயத்தில் மட்டும் ஃப்ரீ டிஷ் கேபிளை முந்துகிறது.

இந்தியா விளையாடும் ஒருநாள், 20 ஓவர் கிரிக்கெட் ஆட்டங்களைத் தனியார் சேனல் வைத்திருந்தாலும் தூர்தர்ஷனுக்குப் பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்த படத்தை தூர்தர்ஷன் தனது சொந்தக் கோபுரத்திலும் சொந்த டி.டி.எச்.சிலும் மட்டும் காட்டலாம், தனியார் கேபிளுக்கும் தனியார் டி.டி.எச்.சுக்கும் அது போகக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

கேபிளில் டி.டி. ஸ்போர்ட்ஸ் வைத்தால் மேட்ச் வராமல் வேறு நிகழ்ச்சி ஓடுகிறதே, கேபிள்காரர் வேலையா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. அவர் மேல் தப்பில்லை. தீர்ப்பு அப்படி. ஃப்ரீ டிஷ் குடையில் அதே ஆட்டம் ஒரு பைசா செலவில்லாமல் வரும். ஐ.பி.எல். இந்தக் கணக்கில் வராது.

மலைக் கிராமங்களுக்கு ஒரு தகவல்

2023 ஜனவரியில் மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தூர்தர்ஷன், ஆகாசவாணி கட்டமைப்பை மேம்படுத்த ரூ.2,539 கோடி. அதில் தொலைதூர, பழங்குடி, எல்லைப் பகுதி மக்களுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுப்பதும் அடக்கம்.

சத்தியமங்கலம் காட்டுக்குள் ஊராளி, சோளகர் மக்கள் வாழும் கிராமங்கள் எத்தனையோ இருக்கின்றன. தொலைதூரம் என்ற சொல்லுக்கும், பழங்குடி என்ற சொல்லுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் எது? நம்ம மலைக்கு எத்தனை பாக்ஸ் என்று கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். தீர்மானம் போட்டு கலெக்டருக்கும் எம்.பி.க்கும் அனுப்பலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

பேரிடர் நேரத்தில் என்ன செய்ய?

"எல்லாம் செல்போனில் பார்த்துக்கலாமே, டி.வி. எதுக்கு?" என்று கேட்கலாம். டேட்டா கார்டு தீர்ந்தால்? மலையில் சிக்னல் இல்லாவிட்டால்?

கேபிளும் நிற்கும். 2022 நவம்பரில் அரசு கேபிள் சேவை தொழில்நுட்பக் கோளாறால் பல மாவட்டங்களில் முடங்கி லட்சக்கணக்கான வீடுகளில் டி.வி. இருண்டது நினைவிருக்கலாம். அந்த நாட்களில் குடை வைத்திருந்த வீட்டில் படம் ஓடியது.

புயல், வெள்ளம், பவானியில் உபரி நீர் திறப்பு என்று செய்தி சொல்ல, இன்டர்நெட்டையும் வயரையும் நம்பாத ஒரு வழி எந்த ஊருக்கும் தேவை. அந்த வேலையைத்தான் முன்பு கோபுரம் செய்தது.

செல்போனுக்கே இன்டர்நெட் இல்லாமல் நேரடியாக டி.வி. அலை அனுப்பும் 'டி2எம்' என்ற புது ஏற்பாட்டை 19 நகரங்களில் சோதிக்கப்போவதாக 2024 ஜனவரியில் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலாளர் அறிவித்தார். கோபுரத்துக்கு மறுபடியும் வேலை வருகிறது என்று அர்த்தம். ஆனால் இதுவும் முதலில் பெரிய நகரத்துக்குத்தான் போகும் போலத் தெரிகிறது. 2016-ல் விட்டுப்போன மாதிரி கோவையும் ஈரோடும் இந்த முறையும் பட்டியலுக்கு வெளியே நிற்கக்கூடாது. நம்ம எம்.பி.க்கள் இப்போதே வாய் திறந்தால்தான் உண்டு.

முடிவா என்ன செய்யலாம்?

சுவரில் ஒட்டும் டிஜிட்டல் ஆன்டெனா: சத்தி வட்டாரத்தில் வாங்க வேண்டாம். ஏற்கனவே வாங்கி இருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன மாதிரி வேலை செய்யவில்லை, காசும் திருப்பித் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கலாம்.

செய்தி, தமிழ் தூர்தர்ஷன், இந்தியா ஆடும் கிரிக்கெட், பிள்ளைகளுக்குக் கல்விச் சேனல் போதும் என்கிற வீடு: ஃப்ரீ டிஷ் குடை.

மலைக் கிராமம், தோட்டத்துச் சாளை, வயர் வராத இடம்: கண்ணை மூடிக்கொண்டு குடை.

தனியார் தமிழ் சேனல் இல்லாமல் முடியாது என்கிற வீடு: கேபிளை நிறுத்த வேண்டாம். பார்க்காத சேனலுக்குக் காசு போகிறதா என்று மட்டும் பில்லைப் பாருங்கள். பழைய குடை வீட்டில் கிடந்தால் கூடவே ஒரு ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டால் மேட்ச் நாளைக்கு உதவும்.

யாராவது பைக்கில் வந்து "வாழ்நாள் முழுக்க எல்லா தமிழ் சேனலும் ஃப்ரீ, ரெண்டாயிரம் கொடுங்க" என்று சொன்னால்? மாட்டிக் காட்டுங்க, பத்து நாள் ஓடட்டும், அப்புறம் காசு தர்றோம் என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் அந்த பைக் நம்ம தெருப்பக்கமே வராது.